நாற்பத்தெட்டு வளைவுகளில் ஒரு வழக்கு

கணவன் மனைவி வழக்கில் மூன்றாம் மனிதர் தலையிடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வழக்கு நகையைப் பற்றியோ நாத்தனாரைப் பற்றியோ இருந்திருந்தால் நாமும் அந்தப் புத்திமதியையே கடைப்பிடித்திருப்போம். ஆனால் இது மோட்டார் காரைப் பற்றிய வழக்கு. மோட்டார் விஷயத்தில் நமக்கு ஞானம் சொற்பம்; ஆகையால் பட்சபாதமும் சொற்பமாகத்தான் இருக்கும் என்று நம்பி மத்தியஸ்தத்துக்கு ஒப்புக்கொண்டோம். அதன் பலனாக இத்தாலி தேசத்து ஆல்ப்ஸ் மலையில், கடல் மட்டத்துக்கு 2,757 மீட்டர் உயரத்தில், ஒரு காரின் பின் ஆசனத்தில் கால் மரத்துப்போய்ச் சுருண்டு கிடக்க நேர்ந்தது.

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் நம்முடைய பழைய நண்பர் ஒருவர் குடும்பத்துடன் வசிக்கிறார். போர்ஷே, மெர்ஸிடிஸ் முதலிய கார்களின் ஜன்மபூமி அது. நம் ஊரில் நாலு பேர் சேர்ந்தால் கச்சேரியைப் பற்றிப் பேசுவது போல, அங்கே காரைப் பற்றிப் பேசுகிறார்கள். நண்பரும் அவர் மனைவியும் கார் ஓட்டுவதில் கைதேர்ந்தவர்கள். வருஷத்துக்கு ஒரு முறை, கோடைக் காலத்தில், வேகக் கார் ஒன்றை மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டு மலைப் பக்கம் போய் வருவது அவர்கள் வழக்கம். இக்காலத்து வேகக் கார்களில் கியர் மாற்றும் பொறுப்பு முழுவதையும் யந்திரத்திடமே விட்டுவிடலாம். அல்லது ஸ்டீரிங் சக்கரத்துக்குப் பின்னால் இடமும் வலமும் அமைந்திருக்கும் இரண்டு சிறு தகடுகளை விரலால் இழுத்து நாமே மாற்றிக்கொள்ளலாம். இந்தத் தகடுகளுக்குத் துடுப்பு என்று பெயர். படகும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆனாலும் பெயர் அப்படித்தான். வலது துடுப்பை இழுத்தால் ஒரு கியர் மேலே போகும். இடது துடுப்பை இழுத்தால் ஒன்று கீழே இறங்கும்.

நண்பர் யந்திரத்தின் கட்சி. அம்மையார் துடுப்பின் கட்சி. கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்துக்குப் பிறகும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் ஏற்படவில்லை.

"நீங்களே சொல்லுங்கள், அண்ணா! சமையற்காரரை வைத்துக்கொண்டே ஒருவர் விருந்து சமைத்துவிட்டு, தாம் சமைத்ததாகப் பெருமை அடித்துக்கொள்ளலாமா? இவர் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஓட்டுகிறது யந்திரம்" என்றார் அம்மையார்.

"நல்ல சமையற்காரர் கிடைத்த பிறகு அடுப்பங்கரையில் போய் நின்று அவர் கையிலிருக்கிற கரண்டியைப் பிடுங்குவானேன்? அதையும் இவளிடம் கேளுங்கள்" என்றார் நண்பர்.

இந்தச் சமையற்காரர் யார் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் வழக்கு விளங்காது.

சாதாரணக் காரில் எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவில் ஒரே ஒரு கிளச்சு உண்டு. கியர் மாற்ற வேண்டுமானால் கிளச்சை மிதித்து எஞ்சினின் சக்தியைத் துண்டிக்க வேண்டும். பழைய கியரை விட்டுப் புதிய கியரைப் போட்டு, மறுபடி கிளச்சைச் சேர்க்க வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரர் செய்தாலும் நடுவில் சிறிது நேரம் வண்டிக்குச் சக்தி போகாது. இரட்டைக் கிளச்சுக் காரிலோ இந்த இடைவெளி இல்லை. அதில் ஒரு தண்டுக்குள் இன்னொரு தண்டாக இரண்டு தண்டுகள். 1, 3, 5, 7 என்னும் ஒற்றைப்படைக் கியர்கள் ஒரு தண்டைச் சேர்ந்தவை. 2, 4, 6 என்னும் இரட்டைப்படைக் கியர்கள் மற்றதைச் சேர்ந்தவை. ஒவ்வொரு தண்டுக்கும் தனித்தனிக் கிளச்சு. கார் மூன்றாவது கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வேலையில்லாமலிருக்கும் மற்றத் தண்டில் நான்காவது கியர் தயாராகப் பூட்டப்பட்டுவிடும். மாற்ற வேண்டிய தருணம் வந்ததும் ஒரு கிளச்சு விலகும்போதே மற்றது பற்றிக்கொள்கிறது. கண் இமைப்பதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது.

கல்யாணப் பந்தியில் இரண்டு பேர் சேர்ந்து பரிமாறுவதைப் போன்றது இது. ஒருவர் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் ரசத்துடன் பின்னால் வந்து நிற்கிறார். இலையில் இருப்பவர் கையை ஓய்க்க வேண்டியதே இல்லை. ஆனால் ஒரு சங்கடம். ரசத்துடன் நிற்பவர், அடுத்தபடி நாம் ரசம் கேட்போம் என்று ஊகித்துத்தான் நிற்கிறார். திடீரென்று நாம் பாயசம் கேட்டால், அவர் ரசவாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓட வேண்டும். வாசகர்கள் இந்தப் பாயசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மலைமேல் அது மறுபடி வரும்.

இரட்டைக் கிளச்சு நேற்று முளைத்த யோசனை அன்று. அடால்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சு எஞ்சினீயர் 1939-லேயே அதைத் திட்டமிட்டார். அவர் சாமானிய ஆசாமி அல்ல. ருஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கலஸின் மோட்டார் கொட்டகையில் வேலை பார்த்தவர். பனியில் ராஜாவின் கார் புதையாமல் போவதற்காகப் பின் சக்கரங்களுக்குப் பதில் ரப்பர்ப் பட்டை பூட்டிய வண்டியைச் செய்தவர். புரட்சிக்குப் பிறகு பிரான்ஸுக்குத் திரும்பி, ஸிட்ரோயன் கம்பெனிக்காக அதே மாதிரி வண்டிகளைச் செய்தார். அந்த வண்டிகள் ஸஹாரா பாலைவனத்தைக் கடந்தன. 1931-ல் நம் காச்மீரத்து ஸ்ரீநகர் வழியாக கில்கிட்டுக்கும் ஏறிச் சென்றன. இப்பேர்ப்பட்டவர் இரட்டைக் கிளச்சை யோசித்த அதே வருஷத்தில் உலக யுத்தம் மூண்டது. யோசனை காகிதத்தோடு நின்றது. 1943-ல் அவர் காலமானார்.

பிறகு ஏறக்குறைய நாற்பது வருஷம் அதைப் பற்றிப் பேச்சில்லை. எந்தக் கியரைத் தயாராக வைப்பது, எந்தக் கிளச்சை எப்போது விடுவது என்று நொடிக்கு நொடி தீர்மானிக்க ஒரு மூளை வேண்டுமல்லவா? அந்த மின்சார மூளை வந்த பிறகுதான் 1980-களில் போர்ஷே கம்பெனியார் பந்தயக் கார்களில் இதைப் பூட்டிப் பரீக்ஷித்தார்கள். 1986-ல் இத்தாலியில் மான்ஸா பந்தயத்தில், ஹான்ஸ் ஸ்டுக், டெரிக் பெல் என்னும் இருவர் ஓட்டிய 962 என்ற கார் இந்தக் கியர்ப் பெட்டியுடன் ஜயித்தது. ஆனால் பொதுஜனங்கள் விலை கொடுத்து வாங்கும் காரில் அது வந்தது 2003-ல்தான். அதுவும் போர்ஷேயில் அல்ல, வோல்க்ஸ்வாகன் கோல்ஃப் காரின் ஆர்32 என்ற ரகத்தில். பிறகு கேட்க வேண்டுமா? 2007-ல் நிஸ்ஸான் ஜி.டி.ஆர்., 2008-ல் போர்ஷே 911, அதே வருஷம் ஃபெராரி கலிபோர்னியா என்று வேகக் கார்கள் வரிசையாக இரட்டைக் கிளச்சுக்கு மாறின.

துடுப்பின் கதை வேறு. அது பந்தய மைதானத்திலிருந்து வந்தது. ஜான் பார்னார்ட் என்ற ஆங்கில எஞ்சினீயர் ஃபெராரி கம்பெனிக்காக அமைத்த 640 என்ற பந்தயக் காரில், கியர்த் தடியையே எடுத்துவிட்டு ஸ்டீரிங் சக்கரத்துக்குப் பின்னால் துடுப்புகளை வைத்தார். அதில் கிளச்சு என்னவோ ஒன்றுதான். 1989 மார்ச் மாதம் பிரேஸில் தேசத்துப் பந்தயத்தில் அந்தக் கார் முதன் முதலாக இறங்கியது. ஒத்திகையில் சில சுற்றுகளுக்குள்ளேயே அடிக்கடி நின்றுபோன கார். ஓட்டுநர் நைஜல் மான்ஸெல், எப்படியும் பாதியில் நின்றுவிடும் என்று எண்ணிச் சீக்கிரமே ஊர் திரும்பும் விமானத்தில் இடம் பதிவு செய்துவிட்டார் என்று சொல்வார்கள். அன்று அவரே ஜயித்தார்! நடுவில் ஸ்டீரிங் சக்கரம் தளர்ந்து, அதையே கழற்றிப் புதிதாக மாட்ட வேண்டியிருந்தது. கடைசியில் பரிசுக் கோப்பை வேறு அவர் கையைக் கிழித்துவிட்டது. கைகள் இரண்டையும் சக்கரத்தை விட்டு எடுக்காமல் கியர் மாற்றலாம் என்பதைக் கண்ட பிறகு, மற்றப் பந்தயக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? சில வருஷங்களில் கியர்த் தடி பந்தயக் காரிலிருந்து மறைந்தது. 1997-ல் ஃபெராரி எஃப்355 காரில் துடுப்பு சாலைக்கும் வந்து சேர்ந்தது.

ஆக, கிளச்சு ஒரு வழியிலும் துடுப்பு ஒரு வழியிலும் வந்து ஒரே காரில் சந்தித்தன. தம்பதிகளுக்குள் வழக்கும் பிறந்தது.

*

ஸ்டெல்வியோ கணவாய்க்குப் போவதென்று தீர்மானமாயிற்று. லொம்பார்டி பிரதேசம் ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தின் கையில் இருந்த காலத்தில், 1820-லிருந்து 1825-க்குள், கார்லோ டோனெகானி என்ற எஞ்சினீயர் அந்தச் சாலையைப் போட்டார். குதிரை வண்டிக்காகப் போட்ட சாலை. பிராட்டோ என்ற கிராமத்திலிருந்து ஏறினால் சுமார் 25 கிலோமீட்டரில் சுமார் 1,800 மீட்டர் உயரம் ஏற வேண்டும். வழியில் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. அடிவாரத்தில் 48 என்று தொடங்கி உச்சியில் ஒன்று என்று முடிகிறது. "எங்கள் கொல்லிமலைக்கு எழுபது!" என்று அம்மையார் அபிமானத்துடன் சொன்னார். அவர் சேலத்துக்காரர்.

வாடகைக்குக் கிடைத்த கார் எந்தக் கம்பெனியுடையது என்பதை நாம் சொல்லப் போவதில்லை. அது இரட்டைக் கிளச்சும், ஏழு கியரும், துடுப்பும் உள்ளது என்பது போதும். பின்னால் இரண்டு ஆசனங்கள் உண்டு. அவை மனிதர்களுக்காகச் செய்யப்பட்டவை என்று கம்பெனியார் உண்மையாகவே நம்புகிறார்களா என்பது நம்முடைய சந்தேகம்.

முதல் பாதி அம்மையாருடையது. பொத்தானைத் தட்டித் துடுப்பு ஆட்சியை ஏற்படுத்திக்கொண்டு புறப்பட்டார். சாலை நேராக இருந்த இடத்தில் மூன்றாவது கியர். வளைவு கண்ணுக்குத் தென்பட்டதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இடது விரலால் ஓர் இழுப்பு. எஞ்சின் தானே ஒரு முறை உறுமித் தன் சுழற்சியை உயர்த்திக்கொண்டு இரண்டாவது கியரில் இசைவாகச் சேர்ந்தது. பழைய லாரி டிரைவர்கள் கிளச்சை இரண்டு தரம் மிதித்து, நடுவில் ஆக்ஸிலரேட்டரைத் தட்டிச் செய்யும் அந்த வித்தையை யந்திரமே செய்துவிடுகிறது. திரும்பும்போது கியர் மாறுவதில்லை, கார் அலுங்குவதில்லை. திரும்பி முடிந்ததும் சக்தி தயாராக இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வளைவுகள் வரையில் நாம் மனத்துக்குள் அம்மையார் பக்கமே தீர்ப்பு எழுதிவிட்டோம்.

அப்புறம்தான் தவறு நேர்ந்தது. இந்தக் காரில் துடுப்புகள் ஸ்டீரிங் சக்கரத்தோடு ஒட்டியவை. சக்கரம் சுழன்றால் அவையும் சுழலும். கொண்டை ஊசி வளைவில் சக்கரத்தை அரைச் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டியிருக்கிறதல்லவா? அப்போது இடது துடுப்பு வலது பக்கம் போய்விடும்! ஒரு வளைவு நினைத்ததைவிடக் கூர்மையாக இருந்தது. நடுவில் முதல் கியருக்கு இறங்க வேண்டுமென்று அம்மையார் அவசரமாக இடது பக்கத்துத் தகட்டை இழுத்தார். அது அந்தச் சமயத்தில் வலது துடுப்பு. கார் மூன்றாவது கியருக்கு ஏறி, ஏற்றத்தில் மூச்சுத் திணறி, முனகிக்கொண்டு நின்றுவிடும் போலாயிற்று. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் இத்தாலிய பாஷையில் ஏதோ சொன்னார். மொழிபெயர்க்குமாறு நாம் கேட்கவில்லை.

இந்தச் சங்கடத்துக்காகவே வேறு சில கம்பெனிகள் துடுப்பைச் சக்கரத்தில் வைக்காமல், சுழலாத ஸ்டீரிங் தண்டில் நிலையாகப் பொருத்துகின்றன. ஃபெராரியில் அப்படித்தான். நிஸ்ஸான் ஜி.டி.ஆரிலும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. அதில் எந்தப் பக்கம் எது என்ற குழப்பம் இல்லை. ஆனால் கை வேறிடத்தில் இருக்கும்போது துடுப்பைத் தேடிப் போக வேண்டும். 2008-ல் வந்த போர்ஷேயில் இன்னும் விசித்திரம்: துடுப்புக்குப் பதில் பொத்தான்கள், முன்புறம் அழுத்தினால் மேலே, பின்புறம் இழுத்தால் கீழே. வாங்கினவர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு கம்பெனியாரே துடுப்பையும் கொடுக்கத் தொடங்கினார்கள்.

நண்பர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அம்மையாருக்குக் கோபமூட்டியது. அடுத்த அகலமான இடத்தில் காரை நிறுத்தி, "சரி, உங்கள் சமையற்காரர் என்ன செய்கிறார், பார்க்கலாம்" என்று இறங்கிவிட்டார்.

நண்பர் யந்திர ஆட்சியை ஏற்படுத்திக்கொண்டார். முதல் சில வளைவுகளில் பிரயாணம் சுகமாகவே இருந்தது. துடுப்பைத் தேட வேண்டியதில்லை. கண் முழுவதும் சாலையில். எதிரே 3,905 மீட்டர் உயரமுள்ள ஆர்ட்லர் சிகரத்தில் பனி வெயிலில் மின்னியதைக்கூட நண்பர் நமக்குக் காட்டினார். இதற்கு முன் அவருடைய மனைவிக்குச் சிகரத்தைப் பார்க்க அவகாசம் இருந்ததாகத் தெரியவில்லை. நம்முடைய தீர்ப்பு ஆட்டம் கண்டது.

பிறகு ஒரு வீட்டு வண்டி முன்னால் அகப்பட்டது. படுக்கை, சமையலறை சகிதமாகக் குடும்பங்கள் பிரயாணம் செய்யும் வண்டி, நத்தை வேகம். அதன் பின்னால் இரண்டு வளைவுகள் ஊர்ந்தோம். ஆக்ஸிலரேட்டரில் கால் லேசாகப் பட்டுக்கொண்டிருந்தபடியால், பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் தன் சுபாவப்படி யந்திரம் நான்காவது கியருக்கு ஏறிச் சாவதானமாக ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வளைவு தாண்டியதும் சற்று நீளமான நேர்ப் பாதை. எதிரே யாரும் இல்லை. நண்பர் இடது பக்கம் ஒதுங்கி, ஆக்ஸிலரேட்டரை அடி வரையில் அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை என்பது சரியல்ல. உள்ளே நிறைய நடந்தது. நான்காவது கியரில் ஓடும் யந்திரம், அடுத்தது ஐந்து என்று ஊகித்து அதைத் தயாராக வைத்திருந்தது. ரசவாளி! நண்பர் கேட்டதோ இரண்டாவது கியர். அது நான்காவது கியர் இருக்கும் அதே தண்டில் உள்ளது. ஐந்தை எடுத்துவிட்டு மூன்றைப் போட்டு, அதற்கு மாறி, பிறகு நான்கை எடுத்து இரண்டைப் போட்டு, அதற்கு மாற வேண்டும். எஞ்சினோ மந்தமாகச் சுழன்றுகொண்டிருந்தது. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ விழித்துக்கொள்ளவும் நேரம் வேண்டும். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு வினாடி. ஒரு வினாடி என்ன பெரிது என்று வீட்டில் உட்கார்ந்து படிப்பவர்களுக்குத் தோன்றும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 11 மீட்டர். எதிரே மேல் வளைவைத் திரும்பி மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு மோட்டார் சைக்கிள் இறங்கினால் அதற்கு 17 மீட்டர். இரண்டும் சேர்ந்து வினாடிக்கு 28 மீட்டர் இடைவெளி குறைகிறது.

மோட்டார் சைக்கிள் உண்மையாகவே வந்தது.

நண்பர் பிரேக்கை மிதித்தார். யந்திரம் அந்தக் கணத்தில்தான் இரண்டாவது கியரைக் கண்டுபிடித்துக் காரை முன்னே தள்ளப் பார்த்தது. பிரேக்கு ஜயித்தது. வீட்டு வண்டியின் பின்னால் மறுபடி ஒண்டிக்கொண்டோம். மோட்டார் சைக்கிள் நம் பக்கத்தில் காற்றை வீசிக்கொண்டு போயிற்று. காரில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அம்மையாரின் கை முன் பலகையைப் பற்றியபடியே இருந்தது.

"முன்னாடியே இரண்டு தரம் இழுத்திருந்தால்..." என்று அவர் ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். குத்திக்காட்டும் குரல் அல்ல அது.

அவர் சொல்ல வந்தது சரி. வளைவு முடியும்போதே, இன்னும் வீட்டு வண்டிக்குப் பின்னால் இருக்கும்போதே, இடது துடுப்பை இரண்டு முறை இழுத்திருந்தால், சக்தி வேண்டிய கணத்துக்கு முன்பே இரண்டாவது கியர் வந்து காத்திருக்கும். கார் உடனே பாய்ந்து முந்தியிருக்கும். அல்லது முந்த இடமில்லை என்று தெரிந்தால் புறப்படாமலே இருந்திருக்கலாம். யந்திரத்தின் கை மனிதக் கையைவிடப் பன்மடங்கு வேகமுள்ளது, அதில் சந்தேகமில்லை. துடுப்பை இழுப்பவர்கூட ஒரு கட்டளைதான் இடுகிறார். மாற்றுவது இரு சமயத்திலும் அதே யந்திரம்தான். ஆகவே "எது வேகம்?" என்று கேட்பதே பிசகு. யார் முன்னால் பார்க்கிறார்கள் என்பதே கேள்வி. ஓட்டுபவரின் கால் இப்போது எவ்வளவு அழுத்துகிறது, கார் எவ்வளவு வேகம் போகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் யந்திரத்துக்குத் தெரியும். அடுத்த நிமிஷம் அவர் என்ன செய்ய உத்தேசித்திருக்கிறார் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

யந்திரத்துக்காகவும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அன்று நண்பர் காரைச் சாதாரண நிலையில் வைத்திருந்தார். அதே காரில் பந்தய நிலை என்று ஒன்று உண்டு. அதில் யந்திரம் பெட்ரோலைப் பற்றிக் கவலைப்படாது. பலமாகப் பிரேக் போட்டால் தானே கியரை இறக்கி, வளைவு முடியும் வரையில் ஏற்றாமல் வைத்திருக்கும். பந்தய மைதானத்தில், ஒரே வளைவுகளைத் திரும்பத் திரும்ப முழு வேகத்தில் கடக்கும்போது, இந்த நிலைக்குக் கியரை ஒப்படைத்துவிட்டுக் கவனம் முழுவதையும் ஸ்டீரிங்கில் வைக்கும் தேர்ந்த ஓட்டுநர்களும் இருக்கிறார்கள். அங்கே வீட்டு வண்டி வருவதில்லை. ஓட்டுநரின் உத்தேசம் எப்போதும் ஒன்றே. ஆனால் மலைச் சாலையில் அந்த நிலையில் ஊர்ந்தால், கார் தாழ்ந்த கியரில் அலறிக்கொண்டே போகும். ஊரார் காது என்னவாவது?

உச்சியில் இறங்கிக் கால்களை நீட்டியபோது உயிர் வந்தது. சூடான சாக்லேட் பானம் குடித்தோம். ஜூலை மாதத்திலும் பல் கிட்டும் குளிர். வந்த வழியே திரும்பினோம். நண்பரே ஓட்டினார், மறுபடி யந்திர ஆட்சியில்தான். மனிதர் அவ்வளவு சுலபத்தில் கட்சி மாறுகிறவர் அல்ல. ஆனால் இறக்கத்தில் ஒரு புதுச் சங்கடம். கால் ஆக்ஸிலரேட்டரை விட்டு எடுபட்டதும், யந்திரம் இவருக்குச் சக்தி வேண்டாம் போலிருக்கிறது என்று உயர்ந்த கியருக்குப் போய் உல்லாசமாக உருண்டது. சரிவை உணர்ந்து தானே தாழ்ந்த கியரைப் பிடித்துக்கொள்ளும் யந்திரங்கள் உண்டு. நமக்குக் கிடைத்தது அவ்வளவு உஷார் இல்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுந்தது. ஏழெட்டு வளைவுக்குள் தீய்ந்த வாசனை. அளவு மீறிச் சூடேறிய பிரேக்குப் பிடிக்காமல் போனால் என்னவாகும் என்பதைப் பக்கத்திலிருந்த பள்ளத்தாக்கு விளக்கிச் சொல்லிற்று.

நண்பர் அம்மையாரைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தபடியே இடது விரலால் இரண்டு தரம் இழுத்தார். எஞ்சின் உறுமி, காரைப் பின்னாலிருந்து ஒரு கை பிடித்து நிறுத்துவது போல் பிடித்துக்கொண்டது. அம்மையாரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நாம் இருமினோம்.

இந்தக் காரில் யந்திர ஆட்சியிலும் துடுப்பை இழுக்கலாம். சற்று நேரம் நம் சொல் கேட்டுவிட்டுப் பிறகு அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். அப்படி அது எடுத்துக்கொள்ளும்போதெல்லாம் நண்பர் மறுபடி இழுத்தார். முப்பதாவது வளைவுக்கு அருகில், இனி யோசனை இல்லை என்பது போலப் பொத்தானைத் தட்டித் துடுப்பு ஆட்சிக்கே வந்துவிட்டார்.

*

இந்த வழக்கு ஒரு குடும்பத்தோடு நிற்பதல்ல. கார் உலகம் முழுவதும் நடப்பது. முதல் தரப் பந்தயமாகிய ஃபார்முலா ஒன்றில் 2004-லிருந்து கியர் தானாக மாறுவது கூடாது என்று விதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட்டுநர் தாமே துடுப்பை இழுத்தாக வேண்டும். யந்திரத்தால் முடியாது என்பதற்காக அல்ல. அதற்கு முந்திய வருஷங்களில் அது செய்துகொண்டுதான் இருந்தது. மனிதரின் திறமையைப் பார்க்கத்தானே ஜனங்கள் பணம் கொடுத்து வருகிறார்கள்? 2013-ல் போர்ஷே 911 ஜி.டி.3 காரை இரட்டைக் கிளச்சோடு மட்டும் விற்கத் தொடங்கியபோது, அது முன்னதைவிட வேகமாகவே ஓடியது. ஆனாலும் பழைய ரசிகர்கள் பெரிய கூச்சல் போட்டார்கள். 2016-ல் 911 ஆர் என்ற காரைக் கால் கிளச்சோடு கொண்டுவந்தார்கள், 2017-ல் ஜி.டி.3-க்கும் அது வேண்டுவோருக்குத் திரும்பிவந்தது. வேகம் குறைந்த கியர்ப் பெட்டியை ஜனங்கள் கேட்டு வாங்கினார்கள் என்பதை யோசிக்க வேண்டும்.

யந்திரத்துக்குக் கண் இல்லை என்றோம். அதுவும் வந்துகொண்டிருக்கிறது. 2013-ல் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியார் ரெய்த் என்ற காரில், ஆகாயத்தில் சுற்றும் உபக்கிரகங்களின் உதவியால் கார் எங்கே இருக்கிறது என்றறிந்து, முன்னால் வரும் வளைவுக்கு ஏற்ற கியரை முன்கூட்டியே எடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அது இரட்டைக் கிளச்சு அல்ல. ஆனால் யோசனை அதுவே. வரைபடத்தில் வளைவு இருக்கிறது, அதற்குத் தெரியும். வீட்டு வண்டியை முந்த வேண்டுமென்று நண்பருக்குத் தோன்றிய எண்ணம் எந்த வரைபடத்தில் இருக்கிறது?

எல்லாவற்றையும்விட வேடிக்கை, ஹியூண்டாய் கம்பெனி 2023-ல் வெளியிட்ட அயோனிக் 5 என் என்ற மின்சாரக் கார். மின்சாரக் காருக்குக் கியர் மாற்ற வேண்டிய அவசியமே கிடையாது. ஆயினும் அதில் துடுப்புகள் இருக்கின்றன! இழுத்தால் எட்டுக் கியர் இருப்பதாகப் பாவனை செய்து, கார் ஒரு குலுங்குக் குலுங்கி, எஞ்சின் சத்தமும் போடுகிறது. இதை அம்மையாரிடம் சொன்னபோது முகத்தைச் சுளித்தார். நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மூன்றாம் நாள் மாலை ஸ்டுட்கார்டை நெருங்கியபோது, ஊர் எல்லையிலேயே வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. பத்தடி நகர்வது, நிற்பது, மறுபடி பத்தடி. அப்போது ஓட்டிக்கொண்டிருந்தவர் அம்மையார். நாலைந்து தரம் துடுப்பை இழுத்துப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் யந்திர ஆட்சிக்கு மாற்றிவிட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு, வீட்டில் ராத்திரிக்கு என்ன சமைப்பது என்று பேச ஆரம்பித்தார். நண்பர் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்து மலையில் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவையும் அவர் வாயைத் திறக்கவில்லை.

காரைத் திருப்பிக் கொடுத்த இடத்தில், அங்கிருந்த இளைஞர், "அடுத்த வருஷத்துக்கும் இதே காரைப் பதிவு செய்யலாமா?" என்று விசாரித்தார்.

"இதேதான்" என்றார் நண்பர்.

"மூன்று பெடல் உள்ள கார் ஏதாவது இருக்கிறதா? கால் கிளச்சு, நடுவில் தடி?" என்றார் அம்மையார், அதே சமயத்தில்.

இருவரும் நம்மைத் திரும்பிப் பார்த்தார்கள். நம்முடைய ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டோம்.